விதைக்கும் மீன்கள்

மரங்களின் விதைகளைப் பரப்புவது யார் என்று கேட்டால் காற்று, தண்ணீர், பறவை, வௌவால், அணில் என்று பள்ளிப் பிள்ளைகள்கூட வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். மீன் என்று சொல்பவர்கள் அரிது. ஆனால் தென் அமெரிக்காவின் அமேசான் காட்டில் மீன்கள் நெடுங்காலமாக இந்த வேலையைச் செய்து வருகின்றன. இதை அறிவியல் உலகம் புரிந்துகொண்ட வரலாறு சுவையானது. கொஞ்சம் வருத்தமானதும்கூட.

நடு அமேசானில் ஆற்றின் நீர்மட்டம் ஆண்டுதோறும் சராசரியாக 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம்! ஆற்றை ஒட்டிய காடுகள் மாதக்கணக்கில் தண்ணீருக்குள் நிற்கின்றன. அங்குள்ள பல மரங்கள் இந்த வெள்ளக் காலத்தில்தான் பழுக்கின்றன. பழங்கள் தரையில் விழுவதில்லை, தண்ணீரில் விழுகின்றன. கீழே மீன்கள் காத்திருக்கின்றன.

அவற்றில் பெரியது தம்பாக்கி என்ற மீன். பிரானா மீனின் உறவு. ஒரு மீட்டர் நீளமும் 30 கிலோ எடையும் வரை வளரும். இதன் வாயைத் திறந்து பார்த்தால் மனிதனின் கடைவாய்ப் பற்களைப் போன்ற பற்கள் இருக்கும். கடினமான கொட்டையையும் உடைத்துவிடும். வெள்ளக் காலத்தில் பழங்களைத் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, நீர் வடிந்த பிறகு வரும் பஞ்ச காலத்தை அதை வைத்தே ஓட்டும்.

இந்த மீன் பழம் தின்னும் என்பது ஆற்றோர மக்களுக்குப் பழைய செய்தி. தூண்டிலில் பழத்தையே இரையாக மாட்டுவார்கள். 'கபோங்கா' என்று ஒரு கருவியும் வைத்திருந்தார்கள். கோலில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் கனமான குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அதைத் தண்ணீரில் 'தொப்'பென்று அடிப்பார்கள். பழம்தான் விழுந்தது என்று தம்பாக்கி ஓடி வரும். மாட்டிக்கொள்ளும்!

அறிவியல் இதை விரிவாகப் பதிவு செய்தது பிறகுதான். 1978ஆம் ஆண்டு தாவரவியலாளர் காட்ஸ்பெர்கர், பிரேசிலின் உமைட்டா பகுதி வெள்ளக்காடுகளில் மீன்கள் விதை பரப்புவதைப் பற்றி எழுதினார். 1980ல் மைக்கேல் கோல்டிங் 'மீன்களும் காடும்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். மீன் வளம் காட்டைச் சார்ந்தது, காட்டை அழித்தால் மீனும் போய்விடும் என்பதை அந்த நூல் உலகுக்கு எடுத்துக்காட்டியது.

ஆனால் ஒரு சந்தேகம் எழுந்தது. தம்பாக்கி ரப்பர் மரத்தின் விதைகளை மென்று நொறுக்கிவிடுகிறது. அப்படியானால் அது விதைக்கு நண்பனா, எதிரியா?

இரண்டும்தான் என்பதே பதில். மெல்லப்பட்ட விதை செத்துப்போகிறது. முழுசாக விழுங்கப்பட்ட விதை பல நாள் வயிற்றில் பயணம் செய்து, வேறோர் இடத்தில் உயிரோடு வெளியே வருகிறது. தண்ணீர் விதையை ஓட்டத்தோடு கீழ்நோக்கித்தான் கொண்டு போகும். மீனோ எதிர்நீச்சல் போட்டு மேலேயும் கொண்டு போகும், பக்கவாட்டில் காட்டுக்குள்ளும் கொண்டு போகும்.

எவ்வளவு தூரம்? பெரு நாட்டில் ஜில் ஆண்டர்சன் குழுவினர் மூன்று வெள்ளக் காலங்களில் தம்பாக்கி மீன்களைப் பின்தொடர்ந்தார்கள். விதை வயிற்றில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று வளர்ப்பு மீன்களில் அளந்தார்கள். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு 2011ல் வெளியிட்ட முடிவு இது: விதைகள் சராசரியாக 337 முதல் 552 மீட்டர் தூரமும், அதிகபட்சமாக 5,495 மீட்டர் தூரமும் போகக்கூடும். பழந்தின்னி விலங்குகளுக்குப் பதிவாகியிருந்த மிக நீண்ட தூரங்களில் இதுவும் ஒன்று. மீன் பெரிதாக ஆக, தூரமும் கூடியது. 2008ல் பிரேசிலின் பந்தனால் சதுப்பு நிலத்தில் பாக்கு என்ற மீனை ஆராய்ந்தவர்களும் இதையொட்டியே சொன்னார்கள். பெரிய மீன்களின் வயிற்றில்தான் பனை வகை ஒன்றின் முழு விதைகள் அதிகம் இருந்தன.

வருத்தம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பெரிய மீனுக்குத்தான் சந்தையில் மதிப்பு. மனாஸ் நகரத்துக்கு 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 டன் தம்பாக்கி வந்தது. 1990களின் நடுவில் அது 800 டன் அளவுக்கு இறங்கியது. பிரேசில் அரசு 55 சென்டிமீட்டருக்குக் குறைந்த தம்பாக்கியைப் பிடிக்கத் தடை விதித்தது. ஒரு முறையாவது முட்டையிடட்டும் என்பது நோக்கம். நல்ல சட்டம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அது காப்பது சிறிய மீனை. வலைக்கு விட்டுக்கொடுப்பதோ, விதையை வெகுதூரம் சுமக்கும் பெரிய மீனை!

இன்று தம்பாக்கி பிரேசிலின் பண்ணைக் குளங்களில் ஏராளமாக வளர்க்கப்படுகிறது. சாப்பாட்டுத் தட்டுக்கு மீன் குறையாது. ஆனால் குளத்து மீன் காட்டில் விதை போடாது. ஆற்றில் எத்தனை மீன் மிச்சம் என்று எண்ணினால் மட்டும் போதாது. அவற்றில் எத்தனை மீன்கள் கிழடு தட்டும்வரை வாழ விடப்படுகின்றன என்பதையும் எண்ண வேண்டும். அமேசானின் நாளைய மரங்களில் பல இன்று அந்த மீன்களின் வயிற்றில்தான் இருக்கின்றன.