அரீஸ் கிணற்றில் விழுந்த மோதிரமும் நம் கடவுச்சொற்களும்





எங்கள் ஜமாஅத்தில் பல்லாண்டுகள் செயலாளராகப் பணியாற்றிய பெரியவர் ஒருவர் சில காலத்திற்கு முன் வஃபாத்தானார். பள்ளிவாசல் நிலத்தின் பத்திர நகல்கள், வாடகை ஒப்பந்தங்கள், வரி ரசீதுகள் அனைத்தையும் அவர்தாம் ஒழுங்காக ஸ்கேன் செய்து ஜமாஅத்தின் மின்னஞ்சல் கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். அந்தக் கணக்கின் கடவுச்சொல் அவர் ஒருவருக்கே தெரியும். 'மறந்துவிட்டேன்' என்று அழுத்தினால், ஓ.டி.பி. அவருடைய கைபேசி எண்ணுக்குச் சென்றது. அந்த எண்ணோ ரீசார்ஜ் செய்யப்படாமல் செயலிழந்து போயிருந்தது. வேறு வழியின்றி, இத்தாவில் இருந்த அவருடைய துணைவியாரிடம், திரைக்கு அப்பால் நின்று, மகன் மூலமாகக் கேட்க நேர்ந்தது. ஒரு சிறிய டைரி கிடைத்தது. அதில், 'பழைய வண்டி எண், பிறகு மூத்தவள், பிறகு வழக்கம்போல்' என்று எழுதியிருந்தார். எந்த வண்டி, எது வழக்கம் என்பதை அறிந்தவர் மண்ணறையில் உறங்குகிறார்.

அன்னார் மீது குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் அமானிதத்தைக் காத்தார். அதைக் கைமாற்றும் வழியை நாங்கள் எவரும் அவரிடம் கேட்கவில்லை. குற்றம் எங்களுடையது. அந்த நாட்களில்தான், இந்தச் 'சொல்' எங்கிருந்து வந்தது, நம் முன்னோர் இதை எவ்வாறு கையாண்டார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

'நான்தான்' என்றால் போதுமா?

ஜாபிர் (ரலி) அவர்கள் தம் தந்தையின் கடன் தொடர்பாக நபி (ஸல்) அவர்களின் இல்லத்திற்குச் சென்று கதவைத் தட்டினார்கள். யார் என்று கேட்கப்பட்டபோது, 'நான்' என்று பதிலளித்தார்கள். அந்தப் பதிலை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. வாயிலில் நிற்பவர் எல்லோரும் 'நான்'தான். உள்ளே இருப்பவருக்குத் தேவை, இன்னார் என்று பிரித்தறிய உதவும் ஓர் அடையாளம். இன்று ஒவ்வோர் இணையதளமும் நம்மிடம் கேட்பது இதனையே.

போர்க்களத்தில் இத்தேவை உயிர்ப் பிரச்சினையாக மாறும். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரின்போது, பகைவர் இரவில் தாக்கினால் தம்மவரை அறிந்துகொள்வதற்காக நபி (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களுக்கு ஓர் அடையாளச் சொல்லை அறிவித்தார்கள். 'ஹா மீம்' என்று தொடங்கும் அச்சொல் அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. இத்தகைய அடையாளச் சொல்லை அரபியில் 'ஷிஆர்' என்பர். இன்றைய கணினிக் கடவுச்சொல்லை அரபியர் 'கலிமத்துல் முரூர்', அதாவது கடந்து செல்லும் சொல், என்கின்றனர். தமிழிலும் 'கடவு' என்றால் வழிதானே! இரு மொழிகளும் ஒரே கருத்தில் வந்து சேர்ந்திருப்பது வியப்பளிக்கிறது.

வெள்ளி மோதிரம்

அயல்நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நபி (ஸல்) அவர்கள் நாடியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று தெரிவிக்கப்பட்டது. எனவே வெள்ளியால் ஒரு மோதிரம் செய்யப்பட்டது. 'முஹம்மத்', 'ரஸூல்', 'அல்லாஹ்' என்னும் மூன்று சொற்கள் மூன்று வரிகளாக அதில் பொறிக்கப்பட்டன. அதே பொறிப்பை வேறு எவரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்றும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஓர் அடையாளம் ஒருவருக்கே உரியதாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு உண்டு என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

அம்மோதிரம் நபி (ஸல்) அவர்களுக்குப் பின் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரிடம் வரிசையாக வந்தது. உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், குபா பள்ளிக்கு அருகிலுள்ள அரீஸ் கிணற்றில் அது விழுந்துவிட்டது. மூன்று நாட்கள் தேடினார்கள், கிணற்று நீரை இறைத்தும் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. முத்திரை தொலைந்தால் பேரரசின் கலீஃபாவும் கிணற்றடியில் நிற்க வேண்டியிருந்தது! செயலிழந்த ஓர் எண்ணுக்கு ஓ.டி.பி. போய்க்கொண்டிருப்பதைப் பார்த்து நாங்கள் நின்றபோது எனக்கு அந்தக் கிணறுதான் நினைவுக்கு வந்தது.

முஆவியா (ரலி) அவர்களின் காலத்தில் மற்றொரு நிகழ்வு நடந்தது. ஒருவருக்கு 1 லட்சம் திர்ஹம் வழங்குமாறு இராக் ஆளுநருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார்கள். கடிதத்தைக் கொண்டு சென்றவர் அதைத் திறந்து 2 லட்சம் என்று திருத்திப் பெற்றுக்கொண்டார். கணக்கு வந்தபோது மோசடி வெளிப்பட்டது. அதன் பின்னரே 'தீவானுல் காத்தம்' என்னும் முத்திரைத் துறை நிறுவப்பட்டது என்றும், கடிதங்கள் கட்டி முத்திரையிடப்பட்டன என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். இழப்பு நேர்ந்த பிறகே காவல் பிறந்தது என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

பக்தாதின் பாடம்

ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, மறைவெழுத்துகளை உடைப்பது குறித்து ஒரு சிறு நூல் எழுதினார். அதன் கைப்பிரதி இஸ்தான்புல் நகரின் சுலைமானிய்யா நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. ஒரு மொழியில் சில எழுத்துகள் அடிக்கடி வரும். மறைவெழுத்தில் எந்தக் குறி அடிக்கடி வருகிறது என்று எண்ணினால் இரகசியம் அவிழும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மனிதன் எதை மறைத்தாலும் அவனுடைய பழக்கம் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதே அதன் சாரம்.

இந்தப் பாடத்தை நம் வீடுகளுக்குப் பொருத்திப் பாருங்கள். மூத்த பிள்ளையின் பெயர், அதற்குப் பின்னால் 786. நம்மில் எத்தனை பேருடைய கடவுச்சொல் இதுவே! நாமக்கல் சாலையில் ஓடும் லாரியின் நெற்றியில் எழுதியிருக்கும் எண்ணை, திருடன் மட்டும் அறியமாட்டானா? 2009ஆம் ஆண்டு 'ராக்யூ' என்னும் நிறுவனத்திடமிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் கசிந்தன. அவற்றுள் மிகுதியாக இருந்தது 123456. ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் அதையே வைத்திருந்தனர்.

கணினிக்குள் புகுந்த சொல்

கணினியில் கடவுச்சொல் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விநிலையத்தில் நுழைந்தது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தியதால், ஒருவருடைய கோப்பை மற்றவர் பார்க்காதிருக்க ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர் இந்த ஏற்பாட்டைச் செய்தனர். 1962இலேயே ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பூட்டு வந்த சுவட்டிலேயே பூட்டுடைப்பும் வந்துவிட்டது.

இதற்குத் தீர்வாக, சொல்லை அப்படியே சேமிக்காமல் அரைத்துச் சேமிக்கும் முறையை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினர். சேலம் மக்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்க முடியும். ஜவ்வரிசியைக் கொண்டு கிழங்கை மீட்க முடியாது. நாம் சொல்லைத் தட்டும்போதெல்லாம் கணினி அதை மீண்டும் அரைத்து, முன்பு சேமித்த மாவோடு ஒப்பிடுகிறது. நம்முடைய சொல் அதனிடம் இருப்பதில்லை. ஒழுங்காக நடத்தப்படும் நிறுவனம் நமக்குப் புதிய கடவுச்சொல் வைக்க வழி தருமே தவிர, பழையதைச் சொல்ல இயலாதிருப்பதன் காரணம் இதுவே.

எனினும் எளிதில் ஊகிக்கத்தக்க சொல்லை எந்த அரைவையும் காக்காது. 1979இல் ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் ஆகிய இருவரும் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 86 விழுக்காடு எளிதில் கண்டுபிடிக்கத்தக்கவையாக இருந்தன. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் பின்னாளில் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பின்பற்றி, குறியீடும் எண்ணும் கலந்து எழுத வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற விதி உலகெங்கும் பரவியது. 2017இல் அந்நிறுவனமே தன் கருத்தை மாற்றிக்கொண்டது. சொல் நீளமாக இருப்பதே முக்கியம், காரணமின்றி அடிக்கடி மாற்றத் தேவையில்லை என்றது. கோர்பட்டோவே தம் முதுமையில், கடவுச்சொற்கள் பெருந்தொல்லையாகிவிட்டன என்று கூறியதோடு, தம்முடையவற்றைத் தாளில் குறித்து வைத்திருந்ததையும் ஒப்புக்கொண்டார். உருவாக்கியவருக்கே நினைவில் நிற்கவில்லை என்றால், நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நம் சமவெளியில்

இந்தியாவில் 2009 ஆகஸ்ட் முதல், இணையத்தில் அட்டை வழியாகப் பணம் செலுத்துவதற்குக் கூடுதல் உறுதிப்பாடு கட்டாயமானது. ஓ.டி.பி. நம் வாழ்வில் வேரூன்றியது அவ்வழியே. இன்று எங்கள் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளின் தந்தையரைப் பாருங்கள். ஒற்றை லாரி வைத்திருப்பவருக்கும் ஃபாஸ்டேக், பெர்மிட், காப்பீடு, ஜி.எஸ்.டி., இ-வே பில் என்று ஐந்தாறு நுழைவுகள். ஹஜ் விண்ணப்பமும் கல்வி உதவித்தொகையும் இணையத்தில்தான்.

பள்ளிவாசல்களும் விலக்கல்ல. 2025 ஜூன் 6 அன்று ஒன்றிய அரசு 'உமீத்' இணையதளத்தைத் தொடங்கி, வக்ஃபு சொத்துகளின் விவரங்களை ஆறு மாதங்களுக்குள் ஏற்றுமாறு கோரியது. கெடு முடிந்தபோது 5 லட்சத்து 17 ஆயிரம் சொத்துகளுக்குப் பதிவு தொடங்கப்பட்டிருந்தது. ஒப்புதல் பெற்றவை 2 லட்சத்து 17 ஆயிரத்தை எட்டவில்லை. முன்னோர் அல்லாஹ்வுக்காக விட்டுச் சென்ற நிலத்தின் ஆவணம், ஒரு தனிமனிதரின் கைபேசிக்குள் அடைபட்டுக் கிடந்தால், அந்த ஜமாஅத் எவ்வளவு பலவீனமானது என்று சிந்தியுங்கள்.

அமானிதமும் வஸிய்யத்தும்

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது கஅபாவின் சாவி நபி (ஸல்) அவர்களின் கைக்கு வந்தது. அவர்கள் அதை உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பி அளித்தார்கள். அந்தக் குலத்தாரிடமே இன்றளவும் சாவி இருந்து வருகிறது. ஒரு தலைமுறை தளர்ந்தால் அடுத்தவர் கை நீட்டி வாங்கிக்கொள்கிறார். பதினான்கு நூற்றாண்டுகளாகச் சாவி தொலையாமைக்குக் காரணம் அந்தக் கைமாற்று ஒழுங்குதான்.

வஸிய்யத் செய்ய வேண்டிய ஏதேனும் ஒன்று தம்மிடம் இருக்கும் முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது முறையன்று என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் நாம் அறிந்ததே. கொடுக்க வேண்டிய கடனும், வர வேண்டிய பணமும், பிறர் நம்மிடம் ஒப்படைத்த ஆவணமும் இன்று இணையக் கணக்குகளுக்குள் இருக்கின்றன. ஆகவே அவற்றின் பட்டியலும் வஸிய்யத்தோடு சேர்ந்தது என்பது இந்த எளியவனின் கருத்து.

நடைமுறைக்குச் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீண்ட கடவுச்சொல்லாக வையுங்கள். பிள்ளை பெயரும் 786-ம் வேண்டாம். சங்ககிரிக் கோட்டையில் மலையேறும் வழியெங்கும் வாயில்கள் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லா வாயிலுக்கும் ஒரே சாவி என்றால், அத்தனை வாயில் கட்டியதன் பயன் என்ன? குறிப்பாக மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் தனித்தனிச் சொல் இருக்கட்டும்.

இரண்டாவது, நினைவாற்றலை நம்பாதீர்கள். இளையோர் கடவுச்சொல் காக்கும் செயலியைப் பயன்படுத்தலாம். பெரியோர் ஒரு நோட்டில் தெளிவாக எழுதிப் பீரோவில் பூட்டி வைக்கலாம். எங்கோ இருந்து நம் கணக்கை உடைக்க முயலும் திருடனால் நம் வீட்டுப் பீரோவைத் திறக்க இயலாது. ஓ.டி.பி.யை மட்டும் தொலைபேசியில் எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

மூன்றாவது, ஜமாஅத்தின் கணக்குகள் ஜமாஅத்துக்கென்றே வாங்கிய கைபேசி எண்ணில் இருக்கட்டும். குறைந்தது இருவருக்கு அவை தெரிந்திருக்கட்டும். நிர்வாகம் மாறும்போது சாவிக்கொத்தோடு கடவுச்சொற்களும் எழுத்துப்பூர்வமாக ஒப்படைக்கப்படட்டும்.

நான்காவது, வங்கிக் கணக்குகளைப் பொறுத்தவரை, எங்கெங்கே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல் குடும்பத்தார்க்குக் கிடைத்தால் போதும். மவ்த்தானவரின் அட்டையையோ கடவுச்சொல்லையோ கொண்டு பணம் எடுப்பது, பங்கீட்டுக்கு முன் மற்ற வாரிசுகளின் உரிமையில் கை வைப்பதாகும். வங்கியில் முறைப்படி விண்ணப்பித்துப் பெறுவதே சரி. நாமினியாகக் குறிக்கப்பட்டவரும் அப்பணத்தைப் பெற்று உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பாளரே; அவர் ஒருவரே உரிமையாளர் ஆகிவிடமாட்டார்.

எங்கள் பெரியவர் சேர்த்து வைத்த ஆவணங்கள் அந்தக் கணக்கிலிருந்து இன்றுவரை மீளவில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் நகல் மனுச் செய்து, ஒவ்வொன்றாக மீண்டும் திரட்டி வருகிறோம். இப்போது புதிய கணக்கின் கடவுச்சொல் ஓர் உறையில் எழுதி ஒட்டப்பட்டு, பள்ளிவாசலின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பெட்டியின் சாவிகள் இருவரிடம் உள்ளன.

இன்று இஷாவுக்குப் பின் உங்கள் வீட்டிலும் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்குங்கள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.