எரியாத பச்சை விளக்கு

விமானத்தின் சக்கரங்களைக் கீழே இறக்குவது எண்ணெயின் அழுத்தம். சக்கரம் இறங்கிவிட்டது என்று விமானிக்குச் சொல்வது ஒரு சின்ன மின்விளக்கு. விளக்கு எரியாவிட்டால் கோளாறு சக்கரத்திலா, விளக்கிலா? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போதே ஒரு விமானம் விழுந்திருக்கிறது.

1972 டிசம்பர் 29 அன்று ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானம் 176 பேருடன் நியூயார்க்கிலிருந்து அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள மயாமிக்கு வந்தது. இறங்கும் நேரத்தில் முன்சக்கரத்துக்கான பச்சை விளக்கு எரியவில்லை. தலைமை விமானி ராபர்ட் லாஃப்ட் விமானத்தை 2000 அடிக்கு ஏற்றி, தானியங்கிக் கருவியிடம் விட்டார். அதன்பிறகு எல்லோருடைய கவனமும் அந்த விளக்கின் மேலேதான். சக்கரத்தை நேரில் பார்க்க ஒருவர் கீழ் அறைக்கு இறங்கினார்.

இதற்கிடையே, உயரத்தைக் காக்கும் ஏற்பாடு தானியங்கியில் விடுபட்டுவிட்டது. கட்டுப்பாட்டுச் சக்கரத்தில் தவறுதலாக அழுத்தம் பட்டிருக்க வேண்டும் என்று விசாரணையில் கருதினார்கள். விமானம் மெல்லக் கீழே இறங்கியது. எச்சரிக்கை மணி ஒலித்தும் யாரும் கவனிக்கவில்லை. நள்ளிரவுக்குச் சற்று முன் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் மாண்டார்கள்.

பிறகு ஆராய்ந்ததில், முன்சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. விளக்கின் இரண்டு பல்புகளும்தான் ஃபியூஸ் போயிருந்தன.

1978 டிசம்பரில் போர்ட்லாந்து அருகே யுனைடெட் 173 விமானமும் சக்கரக் கோளாறைப் பார்த்துக்கொண்டே எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு நாசா ஒரு பயிலரங்கம் கூட்டியது. விமானக் குழுவினருக்கான புதிய பயிற்சிமுறை அதிலிருந்து வளர்ந்தது. கோளாறை யார் பார்ப்பது, விமானத்தை யார் ஓட்டுவது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பாடங்களில் ஒன்று.