மலையேற்ற மிதிவண்டி வீரர்

பல கட்டச் சாலைப் பந்தயங்களில் மலைப்பாதைகளில் முந்துபவர். உடல் எடைக்கேற்ற மிதிவிசையே இவரது பலம். சமவெளியில் காற்றும் ஏற்றத்தில் புவியீர்ப்பும் எதிர்க்கும். கரடுமுரடான மலைத்தடப் போட்டிகளிலிருந்து வந்த காடெல் எவன்ஸ் (2011), ஏகன் பெர்னால் (2019) ஆகியோர் டூர் டி பிரான்ஸ் பட்டத்தை வென்றனர். அந்தப் பந்தயத்தில் சிறந்த மலையேற்ற வீரருக்கு 1975 முதல் சிவப்புப் புள்ளியிட்ட வெள்ளைச் சட்டை வழங்கப்படுகிறது.

இந்தியாவில் 2008இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ பல நாள் மிதிவண்டிப் பயணத்தின் பெயர்பெற்ற சோதனை, மசினகுடி–உதகை கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள். கியரை முழுவதும் இறக்கி, இருக்கையை விட்டெழுந்து மிதித்தாலும் சக்கரம் ஊர்ந்தே நகரும். காவிரிச் சமவெளியான திருச்சி, திருவரங்கத்தில் நீண்ட ஏற்றமில்லை. அங்குள்ள வீரர்களின் பயிற்சிக்கு நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையின் 70 வளைவுகள் அருமையான களம்.