ரைன் நதிக்கரைத் தேனீக்கள்

2008 ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்திலே, ஜேர்மனியின் தென்மேற்கே ரைன் நதிப் பள்ளத்தாக்கில், தேனீ வளர்ப்போர் துயரக் காட்சியொன்றைக் கண்டனர். கூட்டு வாயில்களிலே தேனீக்கள் குவியல் குவியலாக மடிந்து கிடந்தன. ஏறத்தாழ 11,500 தேனீக் கூட்டங்கள் பாதிப்புற்றன.

தேனீக்களுக்கென்று எவரும் நஞ்சிட்டாரல்லர். சோளத்தின் வேரைத் தின்னும் வண்டுப் புழுவை ஒழிக்கவே, விதைகளிற் குளோதியனிடின் என்னும் பூச்சிநாசினி பூசப்பட்டது. பூச்சோ விதையில் நன்கு ஒட்டவில்லை; விதைக்கும் பொறியோ காற்றின் விசையால் இயங்குவது. உதிர்ந்த நச்சுத்தூள் அக்காற்றோடு வெளியேறி, அயலிலே பூத்து நின்ற கடுகினப் பயிர்மீதும் பழமரங்கள்மீதும் படிந்தது. மண்ணுள் மறைய வேண்டிய மருந்து மலரிலே தங்கிற்று! பூச்சிகளின் நரம்பைத் தாக்கும் அந்நஞ்சு, வண்டென்றும் தேனீயென்றும் பிரித்தறியாது.

அவ்வாண்டு மே மாதத்திலேயே அரசு அவ்விதைப்பூச்சு மருந்துகளின் அனுமதியை இடைநிறுத்தியது. நதிக்கு அக்கரையிலுள்ள பிரான்சிலோ, தேனீ வளர்ப்போரின் முறைப்பாட்டினால், இம்மருந்தினத்தைச் சேர்ந்த இமிடாகுளோபிரிட்டைச் சூரியகாந்தி விதைக்குப் பூசுவது 1999 இலேயே நிறுத்தப்பட்டிருந்தது. அக்கரைப் பாடம் இக்கரைக்கு எட்டவில்லை போலும். இவ்வினத்து மருந்துகள் மூன்றை வெட்டவெளி வயல்களிலே பயன்படுத்தலாகாதென ஐரோப்பிய ஒன்றியம் தடைவிதித்தது 2018 இலேதான்.