செட்டிநாட்டு மஜோலிகா டைல்கள்

செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் பதிந்திருக்கும், புடைப்பு உருவமும் வண்ண மெருகும் கொண்ட பீங்கான் சதுரங்கள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வேறு. அது சிமெண்டில் வார்ப்பது, சூளை காணாதது.

மஜோலிகா டைல்களின் பூர்வீகம் இங்கிலாந்தின் ஸ்டோக். களிமண் பொடியை அச்சில் அழுத்தும் முறைக்கு ரிச்சர்ட் பிராசர் 1840இல் காப்புரிமை பெற்றார். அங்கே பீங்கான் ஆலை நடத்திய ஹெர்பர்ட் மின்டன் அதில் பங்கு வாங்கினார். மின்டன் ஆலையின் கலை இயக்குநர் லியோன் அர்னூ உருவாக்கிய மஜோலிகா மெருகு, 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் பேர் வாங்கியது. உருவத்தை அச்சு கொடுத்தது, நிறத்தைக் கை கொடுத்தது. புடைத்த கோடுகள் வரப்புபோல் நிற்க, இடையிலுள்ள பாத்திகளில் மெருகுக் குழம்பை ஒவ்வொரு நிறமாக நிரப்பினார்கள். பள்ளத்தில் தேங்கிய இடம் கருத்தும் மேட்டில் வெளிறியும் வருவது அதனால்தான்.

முதல் உலகப்போரில் ஆங்கிலச் சரக்கு வரத்து குறைய, அவாஜித் தீவின் டான்டோ போன்ற ஜப்பானிய ஆலைகள் அந்த இடத்தைப் பிடித்தன. ஆங்கிலப் பூவேலையைப் பார்த்துச் செய்யத் தொடங்கியவர்கள், 1920களிலும் 30களிலும் இந்தியச் சந்தைக்கென்றே லட்சுமி, சரஸ்வதி, கண்ணன் உருவங்களை வடித்தார்கள். பலவற்றில் ரவி வர்மா அச்சுப்படங்களின் சாயல் தெளிவாகத் தெரியும். நகல் என்று இவற்றை ஒதுக்குவோர் உண்டு. ஆனால் வாங்குபவரின் பூசையறையை மனதில் வைத்துச் செய்தவை இவைதான்.

1942இல் அதே ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் இவ்வீடுகளைக் கட்டிய நகரத்தாரின் லேவாதேவி அங்கே முடங்கியது. பங்காளிகள் பலருக்குச் சொந்தமான பெரிய வீடுகள் பராமரிப்பின்றி நின்றன, சில இடிபட்டன. கதவு, தூண், ஜாடி, எனாமல் பாத்திரங்களோடு டைல்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. சேகரிப்போர் அங்கே முதலில் திருப்பிப் பார்ப்பது டைலின் முதுகைத்தான். ஆலையின் பெயரோ முத்திரையோ அங்கேதான் இருக்கும். சுவரில் உள்ளவரை அது காரைக்குள் மறைந்திருப்பதால், ஒரு வீட்டு டைல் மின்டனா டான்டோவா என்ற சந்தேகம் பெரும்பாலும் வீடு இடியும்போதுதான் தீர்கிறது. பெயர்க்கும்போது மூலை உடைவதும் சகஜம்.

இத்தகைய டைல்களைக் காக்கும் முயற்சியாக, தைவானின் சியாயி நகரில், இடிபட்ட வீடுகளிலிருந்து மீட்ட ஜப்பானிய டைல்களுக்கென 2016இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளோ 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் உள்ளன.