குவீன் தெருவில் புறப்பட்ட மிதிவண்டி

1931 ஜூலை 7ஆம் நாள், சிராங்கூன் சாலைக்கு நடைதொலைவிலுள்ள குவீன் தெருவில் இந்தியர் பலர் கூடி ஒருவரை வழியனுப்பினர். சில்ஹெட் பகுதியில் பிறந்த வங்காளியான ராம்நாத் பிஸ்வாஸ் மிதிவண்டியில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட நாள் அது. இரு போர்வைகள், ஒரு சோடிச் செருப்பு, வண்டி பழுதுபார்க்கும் கருவிப்பெட்டி: ஆயத்தம் அவ்வளவே. (செருப்பையும் மறவாது கணக்கில் சேர்த்திருப்பது ஆசிரியனாகிய எனக்குப் பெரிதும் உவப்பானது!) மலாயா, சயாம், சீனம், கொரியா, சப்பான் எனச் சென்றது பயணம். கண்டவற்றை அவர் வங்கமொழியில் முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களாக எழுதினார். எழுத்து பயணத்தின் பின்னே வந்தது. இன்றைய மிதிவண்டிப் பயணியரோ சக்கரம் உருளுமுன்னரே இணையப்பக்கம் தொடங்கிவிடுகின்றனர். அதற்கும் இவ்வூரில் தமிழ் முன்னோடி உண்டு: 1995இல் சிங்கப்பூர்த் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றியவர் நா. கோவிந்தசாமி. அவர் பெயரையாவது சிலர் அறிவர். குவீன் தெருவில் ஜொகூர்ப் பேருந்துக்குக் காத்துநிற்கும் என் மாணவருள் பிஸ்வாசை அறிந்தார் எவருமிலர்.