மணியோசையைக் கேட்பவர் யார்?
வீட்டு அபாய மணியின் வரலாறு

ஊரிலே வீட்டுக்குக் காவல் நாயும் அயலவருமே. வேலிக்கு அப்பால் ஓர் அந்நியக் காலடி கேட்டால் நாய் குரைக்கும். அயல்வீட்டில் விளக்கு எரியும். அடுத்த கதவுக்குப் பின்னால் வாழ்பவரின் பெயரைக்கூட அறியாத அந்நிய நகரங்களில், பகலும் இரவும் மாறிமாறி வேலைக்குச் செல்லும் எம்மவர் பலர், அந்தக் காவலைக் கம்பியில்லா அபாய மணியிடம் ஒப்படைத்துள்ளனர். ஆனால் அக்கருவி கள்வனைப் பிடிப்பதில்லை. அது குரல் கொடுக்கின்றது, அவ்வளவே. அக்குரலைக் கேட்டு வருபவர் யார் என்ற வினாவே அதன் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வந்துள்ளது.

அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த மதபோதகரான ஒகஸ்ரஸ் ரசல் போப் என்பவர், 1853 யூன் 21 அன்று மின்காந்த அபாய மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவும் சாளரமும் மின்கலத்துடன் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. கதவு திறந்தால் மின்சுற்று பூர்த்தியாகி மணி ஒலிக்கும். திறந்த கதவைக் கள்வன் மீண்டும் மூடினாலும் மணி ஓயாது என்பதே அதன் சிறப்பு. 1857இல் இவ்வுரிமையை வாங்கிய எட்வின் ஹோம்ஸ், பின்னர் நியூயோர்க்கிற்குச் சென்று இதனை ஒரு பெருந்தொழிலாக வளர்த்தார்.

எனினும், வீட்டில் எவரும் இல்லாதபோது மணி ஒலித்து என்ன பயன்? 1871இல் எட்வேர்ட் கலகன் என்பவர், அண்டை வீடுகளைத் தந்திக் கம்பியால் ஒன்றிணைத்து, ஒரு வீட்டின் அபாயத்தை மற்றைய வீடுகள் அறியும் ஏற்பாட்டை அமைத்தார். அதிலிருந்தே, பல வீடுகளின் அழைப்புக்களை ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் மத்திய நிலையங்கள் பெருகின. 1877இல் பொஸ்ரன் நகரில் ஹோம்ஸின் மகன், அபாய மணிக்கென இழுக்கப்பட்ட அதே கம்பிகளைப் பகல் வேளையில் தொலைபேசி இணைப்பகத்துக்கும் பயன்படுத்தினார். பகலில் பேச்சு, இரவில் காவல் என இரு பணிகளையும் அக்கம்பிகள் ஆற்றின.

இவையெல்லாம் வசதி படைத்தோருக்கே கிட்டின. சாதாரண குடும்பமொன்றின் தேவையிலிருந்து பிறந்த மாற்றம் 1966இலேயே வந்தது. நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பினத் தாதியான மேரி வான் பிரிற்றன் பிரவுண், நேரங்கெட்ட நேரங்களில் வேலை செய்பவர். தனிமையில் வீட்டிலிருக்கும் இரவுகளும் அவருக்குண்டு. அப்பகுதியில் குற்றங்கள் மிகுந்திருந்தன. அழைத்தாலும் பொலிசார் விரைந்து வருவதில்லை. மின்னணுத் தொழில்நுட்பவியலாளரான கணவர் அல்பேட்டுடன் சேர்ந்து அவர் ஒரு சாதனத்தை வடிவமைத்தார். கதவில் வெவ்வேறு உயரங்களில் 4 துளைகள், அவற்றினூடாக நோக்கும் நகரும் கமரா, படுக்கையறையிலிருந்தே வந்தவரைக் காணத் தொலைக்காட்சித் திரை, பேச ஒலிவாங்கி, கதவைத் திறக்கவும் உதவி கோரவும் பொத்தான்கள். 1969 டிசெம்பர் 2 அன்று இதற்குக் காப்புரிமை கிடைத்தது. உதவி வரத் தாமதமாகும் இடத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணே இன்றைய வீட்டுக் கமராக்களுக்கு வழிகாட்டினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கம்பிகள் மறைந்தது எவ்வாறு? 1936இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் வோல்ற்றர் எல்வூட் உருவாக்கிய ஆளி இதற்குப் பேருதவியாயிற்று. கண்ணாடிக் குழாயினுள் அடைக்கப்பட்ட இரு மெல்லிய உலோக இதழ்கள், அருகே காந்தம் இருக்கும்வரை ஒட்டியிருக்கும்; காந்தம் விலகினால் பிரியும். காந்தத்தைக் கதவிலும் ஆளியைக் கதவு நிலையிலும் பொருத்தி, சிறிய பற்றரியால் இயங்கும் வானொலி அனுப்பியையும் சேர்த்துவிட்டால் சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் அனுப்பிக்கும் தனி அடையாள எண் உண்டு. அதனைத் தலைமைப் பெட்டியில் முதலில் பதிவுசெய்தல் வேண்டும். பதிவு பெறாத அனுப்பியின் குரலைத் தலைமைப் பெட்டி செவிமடுப்பதில்லை.

வாடகை வீட்டில் வாழ்வோருக்கு இது பெருவசதியே. ஆயினும் அதற்கும் பலவீனங்கள் உண்டு. பற்றரி தீர்ந்த அனுப்பி ஊமையாகிவிடும். வெளியுலகுக்குச் செய்தி கொண்டுசெல்லும் வலையமைப்பும் நிலையானதன்று. அமெரிக்காவில் 2008 பெப்ரவரியில் பழைய அனலொக் கைத்தொலைபேசிச் சேவைகளும், 2022இல் மூன்றாம் தலைமுறைச் சேவைகளும் நிறுத்தப்பட்டபோது, அவற்றை நம்பியிருந்த பழைய பெட்டிகளை மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றாதவர் வீட்டில் மணி ஒலித்தாலும் செய்தி வெளியே செல்லாது.

பொய் எச்சரிக்கைகள் மற்றொரு பெருஞ்சிக்கல். கதவைப் பூட்டாமல் மணியை இயக்கிவிடுதல், வீடு திரும்பியதும் இரகசிய எண்ணை உரிய நேரத்தில் அழுத்தாமை என்பனவே பல வேளைகளில் அவற்றுக்குக் காரணம். 2000ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் சோல்ற் லேக் நகரமும், 2018 செப்டெம்பரில் ரொறன்ரோப் பொலிசாரும், உறுதிப்படுத்தப்பட்ட எச்சரிக்கைக்கே ஆட்களை அனுப்புவதென முடிவெடுத்தனர். கண்ணால் கண்டவர், கமரா, ஒலிப்பதிவு அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட உணரிகள் சாட்சி கூறவேண்டும் என்பதே ரொறன்ரோ விதித்த நிபந்தனை.

எனவே, மணியைப் பொருத்தியதோடு கடமை முடிந்துவிடாது. தொழிற்சாலையில் இடப்பட்ட எண்ணை மாற்றுங்கள். படுக்கைக்குச் செல்லுமுன் வீட்டில் ஆளிருக்கும் நிலைக்குக் கருவியை மாற்றுங்கள். இல்லையேல் நள்ளிரவில் எழும் குழந்தையையே அது கள்வனெனக் கூவும். மாதம் ஒருமுறை, கண்காணிப்பு நிலையத்துக்கு முன்னறிவித்துவிட்டு, ஒவ்வொரு கதவாகச் சோதியுங்கள். மொழி புரியாத முதியவர் வீட்டிலிருப்பின், நிலையம் அழைக்கும்போது கூறவேண்டிய சொல்லை அவருக்குக் கற்பியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி அறிமுகமாகிக் கொள்ளுங்கள். 1871இல் கலகன் கம்பியால் இணைத்தது அயலவரைத்தான். ஊரிலே நமக்கு அதற்குக் கம்பியும் தேவைப்படவில்லை.